பாலையில் எழுந்த மலை

வட அமெரிக்காவின் தென்மேற்கே, மெக்சிகோ நாட்டை அடுத்து, அரிசோனா என்னும் மாநிலம் உள்ளது. அதன் தென்பகுதியில் சொனோராப் பாலைவனம் பரந்து கிடக்கிறது. பாலைவனம் என்றவுடன் புல் பூண்டற்ற மணல்வெளியே பலருக்கும் நினைவுக்கு வரும். சொனோராப் பாலைவனமோ அத்தகையதன்று. கள்ளி வகைகளும், முட்புதர்களும், சிற்றிலை மரங்களும் அங்கே இடைவெளி விட்டு வளர்ந்துள்ளன. இப்பாலைவனத்தின் நடுவே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 730 மீட்டர் உயரத்தில், டூசான் என்னும் நகரம் அமைந்துள்ளது. அந்நகருக்கு வடக்கிலும் வடகிழக்கிலும் சாந்தா கட்டலினா மலைத்தொடர் நெடுமதில் போல நிமிர்ந்து நிற்கிறது. அதன் உச்சியாகிய லெம்மன் மலையின் உயரம் 2,791 மீட்டர்.

ஜூன் மாதத்தில் டூசான் நகரின் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது இயல்பு. அதே நாளில் மலையுச்சியில் ஊசியிலை மரங்களின் நிழலில் நிற்பவர் இனிய குளிர்ச்சியைத் துய்க்கலாம். குளிர்காலத்திலோ அடிவாரத்துக் கள்ளிகள் இளவெயிலில் நிற்க, உச்சியில் வெண்பனி படிந்து கிடக்கும். பனிச்சறுக்கு விளையாடுவோர் அங்கே கூடுவர்.

நகரிலிருந்து மலைமேல் செல்லும் சாலை 1933ஆம் ஆண்டு தொடங்கி 1950ஆம் ஆண்டில் முடிவுற்றது. சிறையிலிருந்தோரின் உழைப்பே அதனை உருவாக்கியது. ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையில் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்பவர், கள்ளிக்காட்டில் புறப்பட்டு ஊசியிலைக்காட்டில் சென்று சேர்வார். சமவெளியில் இத்தகைய மாற்றத்தைக் காண விரும்பினால் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா நாட்டை நோக்கி நெடுந்தொலைவு வடக்கே செல்லவேண்டும். அந்நெடுவழி முழுவதையும் இம்மலை தன் சரிவில் சுருக்கிக் காட்டுகிறது.

மலைக்கு வாய்த்த பெயர்கள்

இந்நிலத்தின் தொன்மைக் குடியினராகிய ஓஓதம் மக்கள் இம்மலையைத் தவளை மலை என்னும் பொருள்பட ‘பாபட் டோஆக்’ என்று அழைக்கின்றனர். பின்னாளில் வந்த ஸ்பானியர் கிறித்தவப் பெண் புனிதர் ஒருவரின் பெயரை இதற்கு இட்டனர். உச்சியின் பெயர் தாவர நூல் வல்லுநர் ஒருவரை நினைவூட்டுவது. சாரா பிளம்மர் லெம்மன் என்னும் அம்மையார், 1881ஆம் ஆண்டில் தம் கணவர் ஜான் லெம்மனுடன் இம்மலையின் செடிகொடிகளை ஆராய வந்தார். தென்புறமாக ஏற அவர்கள் செய்த முயற்சிகள் பயன் தரவில்லை. ஆயினும் அவர்கள் மனந்தளரவில்லை. மலையின் மறுபுறம் சென்று, அங்கே கால்நடை வளர்த்துவந்த ஸ்டிராட்டன் என்பவரைத் துணைக்கொண்டு உச்சியை அடைந்தனர். அவ்வம்மையாரின் பெயரே சிகரத்திற்கு நிலைத்துவிட்டது.

உயரத்தின் விளைவு

ஒரே மலையில் இத்துணை வேறுபட்ட காடுகள் அமைவதற்குக் காரணம் யாது? முதற்காரணம் வெப்பநிலை. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஆதலின் மேலெழும் காற்று விரிந்து குளிர்கிறது. பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு அல்லது ஏழு பாகை குறையும். அடிவாரத்திற்கும் உச்சிக்கும் இடையே ஈராயிரம் மீட்டர் வேறுபாடு இருத்தலின், வெப்பம் பதின்மூன்று பாகை அளவிற்குக் குறைதல் இயல்பே.

இரண்டாம் காரணம் மழை. ஈரக்காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, தான் சுமந்து வந்த நீரைப் பொழிகிறது. டூசான் நகரம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மழையே பெறுகிறது. மலையுச்சி அதனைப்போல் இருமடங்கிற்கு மேல் பெறும். இந்நிலத்திற்கு மழைக்காலங்கள் இரண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் மின்னலுமாகப் பெய்வது கோடைமழை. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் முகில்கள் மெல்லப் பொழிவது குளிர்கால மழை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மே, ஜூன் மாதங்களே ஆண்டின் கொடிய வறட்சிக் காலம்.

மூன்றாம் காரணம் சரிவு நோக்கும் திசை. தெற்கு நோக்கிய சரிவில் வெயில் நேராக விழுவதால் மண் விரைவில் காய்கிறது. வடக்கு நோக்கிய சரிவில் நிழல் மிகுதி; ஈரம் நெடுநாள் தங்கும். ஆகவே ஒரே உயரத்தில், ஒரே பள்ளத்தாக்கின் இருபுறத்தும், ஒருபால் புல்லும் புதருமாகவும் மறுபால் அடர்ந்த காடாகவும் இருத்தல் உண்டு.

அடிவாரம் முதல் உச்சி வரை

அடிவாரத்தில் அரசு வீற்றிருப்பது சகுவாரோ என்னும் பெருங்கள்ளி. தூண்போல் உயர்ந்து, கைகளை மேலே தூக்கி நிற்கும் மனிதனைப் போன்ற தோற்றமுடையது அது. பன்னிரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலும் வாழும். ஆனால் அதன் வளர்ச்சி மிக மெதுவானது. பத்தாண்டு வயதுள்ள சகுவாரோ ஒரு சாண் உயரமும் இராது. ஏறத்தாழ முப்பத்தைந்து வயதில் பூக்கத் தொடங்கும். கிளை விடுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இளஞ்சகுவாரோ கடுவெயிலையும் கடுங்குளிரையும் தனித்துத் தாங்கவல்லதன்று. பாலோ வெர்டே, மெசுக்கீட் போன்ற மரங்களின் அடியில் விழுந்த விதையே பெரும்பாலும் பிழைத்து வளரும். அம்மரங்களைச் செவிலி மரங்கள் என்பர். பாலோ வெர்டே மரம் வறட்சியில் இலைகளை உதிர்த்துவிட்டுத் தன் பசிய பட்டையாலேயே உணவு ஆக்கிக்கொள்ளும். மெசுக்கீட் மரம் தமிழ்நாட்டில் பரவியுள்ள சீமைக்கருவேலத்திற்கு நெருங்கிய உறவுடையது.

சகுவாரோவை நம்பி வாழும் உயிர்கள் பல. அதன் வெண்மலர்கள் இரவில் மலர்ந்து மறுநாள் பிற்பகலில் குவியும். இரவில் வௌவால்களும் பகலில் புறாக்களும் தேனீக்களும் தேனை உண்டு மகரந்தத்தைப் பரப்பும். மரங்கொத்திகள் அதன் தண்டைக் குடைந்து கூடமைக்கும். அவை விட்டுச்சென்ற பொந்துகளில் சிட்டுக்குருவியை ஒத்த சிற்றாந்தைகள் குடிபுகும். ஓஓதம் மக்கள் கோடைத் தொடக்கத்தில் சகுவாரோவின் உலர்ந்த நார்க்கழிகளைக் கோலாகக் கட்டி, அதன் செங்கனிகளைப் பறிப்பர்; அப்பருவத்தையே புத்தாண்டின் தொடக்கமாகக் கொள்வர்.

ஏறத்தாழ 1,200 மீட்டருக்கு மேல் சகுவாரோக்கள் அருகிவிடுகின்றன. அங்கே புல்வெளியும், அதனிடையே ஓக் மரங்களும் தோன்றும். அந்த ஓக் மரங்கள் குட்டையானவை; ஆண்டு முழுவதும் தடித்த சிற்றிலைகளைத் தாங்குபவை. இன்னும் மேலே சென்றால் ஜூனிப்பர் மரங்களும் சிறுபைன் மரங்களும் அவற்றோடு கலந்து நிற்கும். 2,000 மீட்டர் அளவில் பாண்டரோசா பைன் மரங்கள் வானளாவ நிற்கும் காடு தொடங்குகிறது. அதற்கும் மேல், வடசரிவுகளிலும் உச்சியை அடுத்தும், டக்ளசு ஃபர், வெள்ளை ஃபர் ஆகிய மரங்களும், காற்றில் ஓயாது அசையும் இலைகளையுடைய ஆஸ்பென் மரங்களும் வளர்கின்றன. கருங்கரடியும் வெண்வால் மானும் மலைச்சிங்கமும் மேலுள்ள காடுகளில் திரியும். நச்சுப்பல்லியாகிய கிலா பல்லி கீழேயுள்ள பாலைக்கு உரியது.

இம்மேற்காடு சூழ இருப்பது பாலையும் புல்வெளியுமே. கடலால் சூழப்பட்ட நிலத்தைத் தீவு என்பது போல, வறண்ட தாழ்நிலத்தால் சூழப்பட்ட இத்தகைய மலைக்காடுகளை ‘வான் தீவுகள்’ என்று அறிஞர் அழைப்பர். வடக்கே உள்ள ராக்கி மலைகளுக்கும் தெற்கே மெக்சிகோவின் சியரா மாத்ரே மலைகளுக்கும் இடையே இத்தகைய தீவுகள் ஐம்பதுக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தீவில் வாழும் அணில் மற்றொரு தீவிற்குச் செல்ல வேண்டுமாயின், நிழலும் நீருமற்ற பாலையைக் கடக்க வேண்டும். அஃது அதனால் இயலாது. ஆகவே ஒரு மலையுச்சியில் ஓர் இனம் அழிந்தால் அதனை ஈடு செய்ய வேறு இடத்திலிருந்து எவையும் வந்து சேரா.

மலையை அளந்த அறிஞர்

இத்தகைய மலைகளை முறையாக ஆராய முற்பட்டவருள் ஒருவர் ஹார்ட் மெரியம். அவர் 1889ஆம் ஆண்டில் அரிசோனாவின் வடபகுதியிலுள்ள சான் பிரான்சிசுகோ சிகரங்களை ஆராய்ந்து, மலையின் உயிரினங்கள் அடுக்கடுக்கான மண்டலங்களாக அமைந்துள்ளன என்று காட்டினார். அவர் பெரிதும் வெப்பநிலையையே காரணமாகக் கொண்டார். ஆனால் மலையின் உண்மை அதனினும் நுட்பமானது என்பதைச் சாந்தா கட்டலினா மலையில் உழைத்த மற்றோர் அறிஞர் தெளிவுபடுத்தினார். அவர் பெயர் பாரஸ்ட் ஷ்ரீவ்.

வாஷிங்டன் நகரின் கார்னெகி நிறுவனம், பாலைத் தாவரங்களை ஆராய்வதற்காக 1903ஆம் ஆண்டில் டூசான் நகரை அடுத்த துமமாக் குன்றில் ஓர் ஆய்வகத்தை நிறுவியது. ஷ்ரீவ் 1908ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தார். மலைமேல் செல்ல அன்று நல்ல சாலை இல்லை, குதிரைத்தடங்களே இருந்தன. ஷ்ரீவ் வெவ்வேறு உயரங்களில் கருவிகளை நிறுத்தினார். வெப்பம், மழை, மண்ணின் ஈரம், காற்று ஈர்த்துக்கொள்ளும் நீரின் அளவு ஆகியவற்றைப் பன்முறை சென்று குறித்தார். எந்தச் செடி எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிகிறது என்பதையும் பதிவு செய்தார். இவ்வாய்வின் பயனாக 1915ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளிவந்தது.

அவர் கண்ட உண்மை எளியது; ஆயினும் ஆழமானது. ஒரு மரம் மலையில் வாழும் எல்லைக்குக் கீழ்க்கோடு ஒன்றும் மேற்கோடு ஒன்றும் உண்டு. கீழ்க்கோட்டைப் பெரும்பாலும் வறட்சி வரைகிறது. மேற்கோட்டைக் குளிர் வரைகிறது. பைன் மரம் கீழே இறங்கமாட்டாமைக்குக் காரணம் நீரின்மை. சகுவாரோ மேலே ஏறமாட்டாமைக்குக் காரணம் உறைகுளிர். உறைகுளிர் ஓரிரவு மட்டும் இருந்து, மறுநாட் காலை வெயிலில் நீங்குமாயின் சகுவாரோ பிழைத்துக்கொள்ளும். பகலிலும் அது நீங்காது தொடருமாயின் நீர் நிறைந்த அதன் திசுக்கள் உறைந்து சிதைய, அக்கள்ளி மடிந்துபோகும். இதனால்தான் வெயில் மிகும் தென்சரிவுகளில் அது உயர ஏறியும், குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளங்களைத் தவிர்த்தும் வளர்கிறது.

ஆகவே மலையின் காட்டு எல்லைகள் கல்லில் வெட்டியவை அல்ல. வெப்பமும் நீரும் கூடி வரைந்த கோடுகளே அவை. வரைந்த கை மாறினால் கோடும் மாறும்.

எலிகள் காத்த வரலாறு

அக்கோடுகள் முற்காலத்தில் மாறியதற்குச் சான்று உண்டா? உண்டு. அச்சான்றைச் சேர்த்து வைத்தவை காட்டெலிகள் என்பது வியப்பிற்குரியது. இப்பாலைநிலத்தில் பொருள்களைச் சேர்த்துக் குவிக்கும் இயல்புடைய ஒருவகை எலி வாழ்கிறது. அது பாறை இடுக்குகளில் சுற்றுப்புறத்துச் செடிகளின் இலை, விதை, சுள்ளி, முள் ஆகியவற்றைக் கொண்டுவந்து குவிக்கும். எலியின் சிறுநீர் அக்குவியலில் ஊறி உலர்ந்து பிசின்போல் இறுகிவிடும். மழைபடாத பாறைக்குகையில் அக்குவியல் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாது இருக்கும்.

ஆராய்ச்சியாளர் இக்குவியல்களை நீரில் கரைத்து, உள்ளிருக்கும் இலைகளையும் விதைகளையும் பிரித்தெடுப்பர். அவற்றிலுள்ள கதிரியக்கக் கரியின் அளவைக்கொண்டு காலத்தைக் கணிப்பர். இவ்வாறு கணித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. இன்று கள்ளியன்றி வேறு பெருமரம் காணாத பாலைக் குன்றுகளில், பனியூழிக் காலத்தில் ஜூனிப்பரும் சிறுபைனும் வளர்ந்திருந்தன. ஏறத்தாழ பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியூழி முடிந்து உலகம் வெம்மையுற்றபோது, அம்மரங்கள் கீழே மடிந்து மேலே முளைத்தன. காடு தலைமுறை தலைமுறையாக மலைமேல் ஏறிற்று. தெற்கே ஒதுங்கியிருந்த சகுவாரோ வடக்கே திரும்பி வந்து அடிவாரத்தைப் பற்றிக்கொண்டது.

மரத்திற்குக் கால் இல்லை. ஆயினும் காட்டிற்கு நடை உண்டு. அந்நடைக்கு நெடுங்காலம் வேண்டும். அன்று நூற்றாண்டுகளும் ஆயிரம் ஆண்டுகளும் கிடைத்தன. விதை பரவவும், நாற்று வேரூன்றவும், அவற்றை நம்பிய பறவையும் விலங்கும் உடன் செல்லவும் அக்காலம் போதியதாயிற்று.

தீயின் இருவேறு முகங்கள்

இம்மலைக்காட்டின் வாழ்வில் தீக்கும் பங்கு உண்டு. ஒரு மரம் ஆண்டுக்கு ஒரு வளையமாக வளர்கிறது. காட்டுத்தீ அடிமரத்தைச் சுட்டு, மரம் பிழைத்துக்கொண்டால், அவ்வாண்டின் வளையத்தில் வடு நிலைத்துவிடும். மரவளையங்களைக் கொண்டு காலம் கணிக்கும் முறையை வகுத்தவர் டக்ளசு என்னும் வானநூல் அறிஞர். அவர் 1937ஆம் ஆண்டில் டூசான் நகரிலுள்ள அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் மரவளைய ஆய்வகத்தை நிறுவினார். அம்முறையால் பைன் காடுகளின் வடுக்களை எண்ணிப் பார்த்தபோது, பழங்காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்காடுகளில் தீ பரவியமை தெரியவந்தது.

அத்தீ பெருந்தீயன்று. கோடைமழைக்கு முன் விழும் மின்னலால் எழுந்து, தரையிலுள்ள புல்லையும் சருகையும் எரித்துச் செல்லும் தாழ்ந்த தீ. பாண்டரோசா பைனின் தடித்த பட்டை அதனைத் தாங்கும். நெருங்கி முளைத்த நாற்றுகள் எரிந்துபோக, மூத்த மரங்கள் இடைவெளியோடு நிற்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறியது. பெருந்திரளான கால்நடைகள் தரைப்புல்லை மேய்ந்துவிட்டன. தீ பரவுவதற்குப் புல் இல்லாமற் போயிற்று. பின்னர் எழும் தீயை உடனே அணைத்தல் வேண்டும் என்னும் கொள்கை வந்தது. காட்டைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்த அச்செயலால் சருகும் சுள்ளியும் ஆண்டுதோறும் குவிந்தன, இளமரங்கள் அடர்ந்தன. தாழ்ந்து சென்ற தீக்கு அவை ஏணியாயின. அதன்பின் எழுந்த தீ தரையோடு நில்லாது மரமுடிக்குத் தாவியது.

2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எழுந்த தீ, 84,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. லெம்மன் மலைமேலுள்ள சம்மர்ஹேவன் என்னும் சிற்றூரில் முந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. 2020ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் மின்னலால் எழுந்த மற்றொரு தீ, ஏழு வாரங்கள் நின்று ஏறத்தாழ 1,20,000 ஏக்கரைச் சூறையாடியது. மரமுடியோடு காடு எரிந்த இடத்தில் விதை தரும் தாய்மரமும் எஞ்சுவதில்லை. எரிந்த தென்சரிவுகள் சிலவற்றில் பைன் மீளாது, வேரிலிருந்து துளிர்க்கவல்ல ஓக் புதர்களே படர்ந்துள்ளன.

கடல் கடந்து வந்த புல்

அடிவாரத்திற்கு வந்த இடர் வேறுவகையானது. கொங்குநாட்டு மேய்ச்சற் காடுகளை அறிந்தவர் கொழுக்கட்டைப் புல்லை நன்கு அறிவர். காங்கேயம் மாடுகள் விரும்பி மேயும் அப்புல், இந்தியாவிற்கும் ஆப்பிரிக்காவிற்கும் மேற்கு ஆசியாவிற்கும் உரியது. வறட்சியைத் தாங்கிக் கால்நடைக்குத் தீனியாகும் அதன் பெருமையைக் கேள்வியுற்று, அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டில் அதனைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். அங்கே அது மேய்ச்சல் நிலத்தோடு நில்லாது, பாலைக் குன்றுகளின் சரிவுகளில் தானே பரவியது.

சொனோராப் பாலையின் செடிகள் இடைவெளி விட்டு வளர்பவை. ஒன்றில் தீப்பற்றினாலும் மற்றொன்றுக்குப் பரவுதல் அரிது. ஆகவே அங்குள்ள சகுவாரோவும் பாலோ வெர்டேயும் தீயைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றில்லை. கொழுக்கட்டைப் புல்லோ அவ்விடைவெளியை நிரப்பிவிடுகிறது. உலர்ந்தபின் அது கொழுந்துவிட்டு எரிகிறது. எரிந்தபின் அதன் தூரிலிருந்து மீண்டும் தழைக்கிறது. நூறாண்டு வளர்ந்த சகுவாரோ ஒரு நாழிகையில் வெந்துவிட, புல் அடுத்த மழையில் முன்னினும் அடர்கிறது. ஓரிடத்தில் மாட்டுக்கு உயிர்தரும் புல், வேறோரிடத்தில் ஒரு நிலத்தின் உயிர்க்கூட்டத்தையே குலைப்பதாயிற்று. புல்லின் மேல் குற்றம் இல்லை. ஒரு நிலத்தின் ஒழுங்கை ஆராயாது பெயர்த்து நட்டதே பிழை.

மேலேறும் கோடுகள்

இவற்றிற்கெல்லாம் மேலாக, உலகம் மீண்டும் வெம்மையுற்று வருகிறது. இம்முறை காரணம் மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும். அதன் விளைவைச் சாந்தா கட்டலினா மலையில் அளந்து காணமுடிந்தது. 1963ஆம் ஆண்டில் விட்டேக்கர், நீரிங் என்னும் இரு தாவர நூலார் இம்மலையில் ஒவ்வொரு செடியும் எந்த உயரத்தில் வளர்கிறது என்று குறித்து வைத்திருந்தனர். அரை நூற்றாண்டு கழித்து அரிசோனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் அதே சரிவில் மீண்டும் அளந்து, 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மிகுதியாகக் காணப்படும் 27 வகைத் தாவரங்களை அவர்கள் ஒப்பிட்டனர். அவற்றுள் 15 வகைகளின் கீழெல்லை முன்பிருந்ததைவிட மேலே சென்றுவிட்டது.

சான்றாக, முதலைத்தோல் போன்ற பட்டையையுடைய ஜூனிப்பர் வகை ஒன்று முன்பு ஏறத்தாழ 1,070 மீட்டர் உயரத்திலேயே காணப்பட்டது. புதிய ஆய்வில் அதனைக் காண ஏறத்தாழ 1,520 மீட்டர் வரை ஏறவேண்டியதாயிற்று. கீழே முதிர்ந்த மரங்கள் வறட்சியால் மடிய, அவற்றின் இடத்தில் இளங்கன்றுகள் பிழைக்கவில்லை என்பதே இதன் பொருள்.

பனியூழி முடிந்தபோதும் காடு மேலேறியது, இன்றும் ஏறுகிறது. இரண்டிற்கும் வேறுபாடு யாதெனில், அன்று ஆயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இன்று ஒரு மனிதனின் வாழ்நாளில் நிகழத் தொடங்கியுள்ளது. மேலும் ஓர் இடர் உண்டு. மலை மேலே செல்லச் செல்லக் கூம்பிக் குறுகுகிறது. அடிவாரக் காட்டிற்கு மேலே ஏற இடம் உண்டு. உச்சியில் வாழும் ஃபர் மரத்திற்கு அதற்கு மேல் வானமன்றி நிலம் இல்லை.

டூசானுக்கு வடகிழக்கே உள்ள கிரகாம் மலை என்னும் மற்றொரு வான் தீவில் இதற்கு ஓர் எச்சரிக்கை கிடைத்துள்ளது. பனியூழி முடிந்த நாள்தொட்டு அங்கே தனித்து வாழ்ந்துவரும் செவ்வணில் வகை ஒன்று உலகில் வேறெங்கும் இல்லை. 2017ஆம் ஆண்டு அம்மலையில் எழுந்த பெருந்தீக்குப் பின் கணக்கெடுத்தபோது, 35 அணில்களே எஞ்சியிருந்தன.

காக்கும் முயற்சிகள்

மலையைக் காக்கும் முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. தன்னார்வத் தொண்டர் கடப்பாரையும் கையுறையுமாகக் குன்றுகளில் ஏறி, கொழுக்கட்டைப் புல்லைத் தூரோடு பெயர்த்தெறிகின்றனர். வனத்துறையினர் நெருக்கமாக வளர்ந்த இளமரங்களைக் களைந்து, ஏற்ற பருவத்தில் சிறுதீயைத் தாமே மூட்டிச் சருகை எரிக்கின்றனர். அணைப்பது மட்டுமன்று, அளவோடு எரிப்பதும் காட்டைக் காப்பதே என்பதை அனுபவம் கற்பித்துள்ளது. 1990களில் இம்மலையிலிருந்து மறைந்துபோன பெருங்கொம்பு ஆடுகளை, 2013ஆம் ஆண்டு முதல் வேறு மலைகளிலிருந்து கொண்டுவந்து விட்டனர்.

இம்முயற்சிகளுக்கெல்லாம் வழிகாட்டுவது, முன்னோர் செய்து வைத்த பதிவு. ஷ்ரீவ் 1915ஆம் ஆண்டில் நூல் எழுதியபோது உலகம் வெம்மையுறும் என்று எண்ணி அதனை எழுதவில்லை. விட்டேக்கரும் நீரிங்கும் ஐம்பது ஆண்டு கழித்துத் தம் குறிப்பை ஒருவர் ஒப்பிடுவர் என்று எதிர்பார்த்து அளக்கவில்லை. கண் முன் நின்ற செடியை உள்ளவாறு கண்டு, அது நின்ற உயரத்தைப் பிழையின்றி எழுதினர், அவ்வளவே. அக்குறிப்புகள் இல்லையாயின், காடு மேலேறியதை இன்று எவரும் அறிந்திரார். மெல்ல நிகழும் மாற்றம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை அன்றோ?

துமமாக் குன்றில் கால்நடை புகாதவாறு 1907ஆம் ஆண்டில் வேலி இடப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகியும் அங்குள்ள ஆய்வுப் பரப்புகளில் சகுவாரோக்களைத் தலைமுறை தலைமுறையாக எண்ணி வருகின்றனர். முதன்முதல் எண்ணியவர் எவரும் இன்று உயிரோடு இல்லை. அவர் கண்ட இளங்கள்ளிகளுள் சில இன்று கைவிரித்து நிற்கின்றன.